ராட்டினத்துக்குப் பூவாடை

"சாமி இல்லாத டூரா?" என்று கேட்டுவிட்டுத் தைலம்மாள் கையிலிருந்த சோப்பைத் தொட்டிக்குள் நழுவவிட்டாள். பம்புசெட் தொட்டியைச் சுற்றித் துவைத்துக்கொண்டிருந்த மற்றப் பெண்களும் துணி அடிப்பதை நிறுத்தினார்கள். வேன்காரத் தனசேகரன் ஈரம் படாத இடமாகப் பார்த்து நின்றுகொண்டு, இந்த வைகாசியில் தன் வேன் மேல்மலையனூருக்கும் போகாது, வேளாங்கண்ணிக்கும் போகாது, மெட்ராஸ் கடற்கரையில் கட்டியிருக்கும் பொழுதுபோக்குப் பூங்காவுக்குத்தான் போகும் என்று அப்போதுதான் சொல்லி முடித்திருந்தான். நைனார்பாளையத்துக்கு மேற்கே இருக்கிற அந்தச் சின்ன ஊரில் டூர் என்றால் தனசேகரன் வேன்தான். அந்த வேன் என்றால் முன்கண்ணாடியில் வேப்பிலை, பெண்களுக்கு மஞ்சள் புடவை, வழியெல்லாம் கற்பூரம். சாமி பார்க்காமல் ஒரு வேன் அவ்வளவு தூரம் போய்த் திரும்பலாம் என்பது அங்கே யாருக்கும் அதுவரை தோன்றியதே இல்லை.

"ஒரு ஊரையே வளைச்சுப் போட்டுக் கட்டியிருக்கான்க்கா," என்றான் தனசேகரன். "வானத்துக்கு ராட்டினம். குட்டி ரயிலு. ராத்திரி தங்கறதுக்குக் கடலப் பாத்தாப்ல ரூமு. அப்புறம் பேய் வூடுன்னு ஒண்ணு கீது. உள்ள போனா இருட்டுல பேய் வந்து தொடும். நாம கத்திக்கினு வெளிய ஓடியாரணும்."

"அதுக்குத் துட்டு வேற வாங்கறானா? நம்ம ஊரு புளியந்தோப்புல ஒக்காந்தா சும்மாவே தொடுமேடா," என்றாள் தைலம்மாள்.

தொட்டியே சிரித்தது. அமிர்தமும் சிரித்தாள். சிரித்து முடித்தபின், சிரித்தது தான்தானா என்று சந்தேகம் வந்தவளாகக் கையிலிருந்த பாவாடையை இன்னும் ஒரு முறை முறுக்கிப் பிழிந்தாள். அது அவளுடைய இளைய மகள் கமலாவின் பாவாடை. அந்த வீட்டில் துவைக்க இப்போது ஒரு பிள்ளையின் துணிதான் இருந்தது.

நாலடிக்குக் கீழே இருக்கும் பிள்ளைகளைப் பெரிய ராட்டினத்தில் ஏற்றமாட்டார்கள், வாசலிலேயே கோடு போட்டு வைத்திருக்கிறார்கள், தலை கோட்டைத் தொட வேண்டும் என்று தனசேகரன் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போனான். அன்றைக்குச் சாயங்காலத்துக்குள் ஊரில் ஒரு சுவர் பாக்கியில்லாமல் கரிக்கோடு விழுந்துவிட்டது. பிள்ளைகள் குதிகாலைத் தூக்க, தாய்மார்கள் தலையை அமுக்க, ஒரே ரகளை. அமிர்தத்தின் வீட்டில் கமலாவை நிலையோரம் நிறுத்தி அளந்தது அவள் புருஷன் செல்லமுத்து. மரவள்ளிக் காட்டிலிருந்து வந்தவன் கைகால்கூடக் கழுவாமல் உள்ளங்கையை விரித்து மகளின் தலைக்கு நேராகக் கொண்டுவந்தான். கை அவள் தலையில் போய் உட்காரவில்லை. நாலு விரற்கடை மேலே, வெறும் காற்றில், பழகிய இடத்தில் வந்து நிற்பதுபோல் நின்றது. பிறகுதான் இறங்கியது.

"ரெண்டு வெரலு கம்மி. வைகாசிக்குள்ள வளந்துடுவ," என்றான்.

அடுப்படியிலிருந்து அமிர்தம் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். கை முதலில் நின்ற உயரம் அவளுக்கும் தெரியும். அது மூத்தவள் அம்சவள்ளியின் உயரம். ஒன்பது வயதில், எண்பத்தேழாம் வருஷத்துப் புரட்டாசியில், அவள் எவ்வளவு வளர்ந்து நின்றாளோ அவ்வளவு. அது நடந்து ஒன்றரை வருஷம் ஓடிவிட்டது. செத்த பிள்ளை வளர்வதில்லை. இளையது வளர்ந்துவந்து அதைத் தொடப்போகிறது, அப்புறம் தாண்டியும் போகும். அமிர்தம் அடுப்புக்குத் திரும்பி விறகை உள்ளே தள்ளினாள்.

உண்மையில் அந்தப் பூங்காவுக்குப் போக ஆசைப்பட்டவளே அம்சவள்ளிதான். பள்ளிக்கூடத்தில் லூசி டீச்சர் காலண்டரிலிருந்து கிழித்து ஒட்டியிருந்த ராட்டினப் படத்தைப் பார்த்துவிட்டு வந்து, ஒரு வாரம் சோறு இறங்காமல் அதைப் பற்றியே பேசினாள். அவ்வளவு உயரத்திலிருந்து பார்த்தால் நம் கல்வராயன் மலை தெரியுமா என்று கேட்டாள். தெரியும் என்று செல்லமுத்து கூசாமல் பொய் சொன்னான். கிழங்கு விற்றதும் அழைத்துப் போகிறேன் என்று சத்தியமும் செய்துகொடுத்தான். கிழங்கு விற்பதற்குள் புரட்டாசி வந்துவிட்டது.

புரட்டாசி முதல் தேதியிலிருந்து ஒரு வாரத்துக்கு எந்த ரோட்டிலும் வண்டி ஓடவில்லை. படிப்பிலும் வேலையிலும் தங்கள் சனத்துக்குத் தனிப் பங்கு வேண்டும் என்று சாதிச் சங்கம் சாலை மறியல் அறிவித்திருந்தது. கேட்டதில் நியாயம் இருந்தது என்றுதான் அமிர்தம் அன்றைக்கும் நினைத்தாள், இன்றைக்கும் நினைக்கிறாள். ரோட்டோரத்து மரங்களை அறுத்துக் குறுக்கே தள்ளினார்கள். உள்ளூர் ஆளை உள்ளூர்ப் போலீஸ் அடையாளம் கண்டுகொள்ளும் என்று, சின்னசேலம் பக்கத்து ஆட்களை லாரியில் ஏற்றி உளுந்தூர்பேட்டைக்கு அப்பால் இறக்கிவிட்டார்கள். அந்தப் பக்கத்து ஆட்கள் இந்தப் பக்கம் வந்தார்கள். செல்லமுத்து கல்யாணத்துக்கு முன்னால் மலையடிவாரத்துக் கூப்பில் மரம் அறுத்தவன். அவன் கையில் ரம்பம் இருந்தால் மரம் தானாகவே சாயும் என்பார்கள். அவனை விட்டுவிட்டு வேறு யாரைக் கூப்பிடுவார்கள்? ஆனால் அவன் அமிர்தத்திடம் சொன்னது வேறு. சின்னசேலம் ரயில்வே கேட்டில் கூட்டத்தோடு கூட்டமாக உட்கார்ந்திருந்தேன் என்றுதான் சொன்னான். அதைத்தான் இன்றுவரை சொல்கிறான்.

அமிர்தம் அப்போது இரண்டு பிள்ளைகளோடும் திருநாவலூர் பக்கத்தில் தம்பி வீட்டுக் காதுகுத்துக்குப் போயிருந்தாள். போன இடத்தில் அம்சவள்ளிக்கு வாந்தியும் பேதியும் கண்டது. விடியும் நேரத்துக்குக் கண் உள்ளே போய்விட்டது. உளுந்தூர்பேட்டை ரோடு முந்தின நாளே அடைபட்டிருந்ததால், தம்பி மாட்டுவண்டியைப் பூட்டிக்கொண்டு விழுப்புரம் போகிற பெரிய ரோட்டில் ஏறினான். கொஞ்ச தூரத்திலேயே ஒரு பெரிய புளியமரம் குறுக்கே கிடந்தது. பல்பொடி விளம்பரத் தகரம் அறைந்த மரம். தகரம் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. இரண்டு பக்கமும் பள்ளத்தில் மழைத் தண்ணீர். மாட்டை இறக்க வயலில் வழி இருக்கிறதா என்று பார்க்கத் தம்பி ஓடினான். அமிர்தம் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு அந்த மரத்தின் மேலேயே உட்கார்ந்தாள்.

முதலில் பார்த்தது அம்சவள்ளிதான். ஒடிந்த கிளையில் ஒரு தூக்குச்சட்டி தொங்கிக்கொண்டிருந்தது. போலீஸ் ஜீப்புக்குப் பயந்து ஓடினவர்கள் மறந்துவிட்டுப் போனது.

"யம்மா, நம்ம வூட்டு தூக்கு," என்றாள்.

அமிர்தம் எழுந்து போய் எடுத்தாள். கைப்பிடி கிணுக்கென்றது. வயிற்றுப் பக்கம் புள்ளி புள்ளியாக வெட்டிய எழுத்து: பூமாலை மகள் அமிர்தம். கல்யாணச் சீராக அவள் அப்பா கள்ளக்குறிச்சிப் பாத்திரக் கடையில் வாங்கிப் பேர் வெட்டிக் கொடுத்தது. உள்ளே பாதிக்கு நீராகாரம் இருந்தது. பிள்ளை தண்ணி தண்ணி என்று தவித்ததால் அதையே வாயில் வைத்தாள். இரண்டு வாய் குடித்தது, மூன்றாவது வாய் கடைவாயில் வழிந்தது. தம்பி திரும்பி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றியிருந்தால் பிழைத்திருக்கும் என்று பின்னால் யாரோ ஒரு டாக்டர் சொன்னார். அமிர்தம் அந்தத் தூக்கை எடுத்துக்கொண்டு வரவில்லை. இருந்த கிளையிலேயே திரும்ப மாட்டினாள். கொண்டுவந்தால் கேட்க வேண்டியிருக்கும்.

பிள்ளையை எடுத்த அன்றைக்குத் தம்பி அழுதுகொண்டே நடந்ததைச் சொன்னான். "பல்பொடித் தகரம் அடிச்சிருக்குமே மாமா, அந்த மரந்தான் மாமா," என்றான். மாரில் அடித்துக்கொண்டிருந்த செல்லமுத்துவின் கை அந்தரத்தில் நின்றுபோனதை, ஒப்பாரி வைக்கிற பெண்களின் நடுவிலிருந்து அமிர்தம் பார்த்தாள். அப்போது அவனுக்குத் தெரிந்துவிட்டது. அவனுக்குத் தெரிந்தது அவளுக்கும் தெரிந்தது. அவளுக்குத் தெரியும் என்பது மட்டும் அவனுக்குத் தெரியாது. அன்றிலிருந்து அவன் ரம்பத்தையும் தொடுவதில்லை, கோடாலியையும் தொடுவதில்லை. வீட்டில் ஒரு பாத்திரம் குறைகிறது, அது எங்கே என்று அவனும் கேட்பதில்லை, அவளும் கேட்பதில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். இவர்கள் இரண்டு பேரும் ஒரே பூசணிக்காயை ஆளுக்கொரு பக்கமிருந்து மறைத்துக்கொண்டு தினமும் அதே சோற்றைச் சாப்பிட்டார்கள். இதில் கொடுமை என்னவென்றால், வெளுக்கிற நேரத்தில் அந்த வீட்டில் தூக்கின் கைப்பிடி கிணுக்கென்று ஒரு தடவை சத்தம் போடும். தூக்கே இல்லாத வீட்டில். அமிர்தம் கண்ணை மூடியபடி கேட்டுக்கொண்டு கிடப்பாள். பக்கத்தில் செல்லமுத்து மூச்சை நிறுத்திக்கொண்டு கிடப்பதும் அவளுக்குத் தெரியும்.

டூருக்கு வழி பேசக் கூடியது பால் சொசைட்டி வாசலில். சாமி இல்லாமல் வரமாட்டோம் என்று பெண்கள் பிடிவாதமாக நின்றார்கள். கடலில் குளிப்பதே தீர்த்தம்தான் என்று தனசேகரன் சொல்லிப் பார்த்தான், எடுபடவில்லை. அப்போது, நாலு பேர் நடுவில் வாயே திறக்காத செல்லமுத்து தொண்டையைச் செருமினான்.

"ரிஷிவந்தியம் வழியாப் போலாமே. அர்த்தநாரீஸ்வரரக் கும்பிட்டுக்கினு, அப்படியே திருக்கோவிலூரு, விழுப்புரம்னு போயிடலாம். சாமி பாத்தாப்லயும் ஆச்சு."

தேன் அபிஷேகம் பார்க்கலாம் என்று தைலம்மாள் கையைத் தட்டினாள். அவள் செல்லமுத்துவின் அக்கா. தம்பி வாய் திறந்து பேசியதிலேயே அவளுக்குப் பாதி சந்தோஷம். ரோடு மோசமாச்சேண்ணே, சுத்து ஜாஸ்தியாச்சே என்று தனசேகரன் இழுத்தான். இழுத்தும் பயனில்லை, ஊர் ஒரேயடியாக ரிஷிவந்தியத்தில் விழுந்துவிட்டது. அமிர்தம் கூட்டத்தின் ஓரத்தில் நின்று புருஷனையே பார்த்தாள். திருக்கோவிலூர் வழியாகப் போனால் உளுந்தூர்பேட்டைக்கு அப்பால் இருக்கிற அந்த ரோடு வராது. அந்த மரம் வராது. இதற்கு ஒரு சாமியை வேறு துணைக்குக் கூப்பிட்டுக்கொண்டான்.

அவளுக்கு வந்தது கோபம்தான். அப்படித்தான் சொல்ல வேண்டும். மரத்தை அறுத்ததற்கு அவள் என்றைக்கோ மனசுக்குள் அவனை அறுத்துப் போட்டாயிற்று, அதில் மிச்சம் ஒன்றுமில்லை. அவன் வேண்டுமென்று செய்யவில்லை என்பது அவளுக்குத் தெரியாதா? வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லமாட்டேன் என்கிறானே, அதுதான் தாங்கவில்லை. பிள்ளையின் சாவை அவள் ஒருத்தியின் தலையில் வைத்துவிட்டு இவன் சுற்றுவழி தேடுகிறான். இந்தப் பயணத்தோடு இதற்கு ஒரு முடிவு என்று அங்கேயே நின்று தீர்மானித்தாள். இவன் அந்த மரத்தைக் காட்டி ஒரு வார்த்தை சொன்னால் சரி. சொல்லாவிட்டால் திரும்பி வரும்போது திருநாவலூர்க் கைகாட்டியில் கமலாவோடு இறங்கிவிடுவாள். தம்பி வீட்டில் கூலிக்குப் போய்ச் சாப்பிட்டுக்கொள்வாள். இனி அந்தக் கிணுக்கென்ற சத்தத்தை அவனோடு சேர்ந்து கேட்க அவளால் முடியாது.

அன்றிரவு சோறு போடும்போது சொன்னாள். "டூருக்கு முன்ன பூவாடை அழைக்கணுங்க."

செல்லமுத்து சோற்றைப் பிசைவதை நிறுத்தினான். "இன்னாத்துக்கு?"

"ஆசப்பட்டு கேட்டவ அவதான். அவகிட்ட சொல்லாம சின்னத இட்டுக்கினு போறதா?"

"வேணாம்."

"ஏன்?"

"அவ அழுவா," என்றான் செல்லமுத்து. தட்டிலேயே கையைக் கழுவிவிட்டு எழுந்துபோனான்.

அந்தப் பக்கத்தில் ஒரு வீட்டில் கல்யாணம், காதுகுத்து என்று நல்ல காரியம் வந்தால், அந்த வீட்டில் வாழாமல் செத்துப்போன பெண்ணை முதலில் அழைக்க வேண்டும். கிணற்றடியில் செம்பு வைத்து, புதுத்துணியும் பூவும் போட்டு, பம்பை அடித்துக் கூப்பிடுவார்கள். அவள் யார் மேலாவது வந்து இறங்கித் தன் குறையைச் சொல்வாள். என்ன வேண்டுமென்று கேட்பாள். கொடுத்தால் காரியம் விளங்கும். அவள் பேர்தான் பூவாடைக்காரி. அவள் சொல்லைத் தட்டிய வீடு அந்தச் சுற்றுவட்டாரத்தில் இல்லை. ஆனாலும் தைலம்மாளுக்கே இது கொஞ்சம் அதிகமாகப் பட்டது.

"ஏண்டி அமிர்தம், கல்யாணத்துக்கு அழைப்பாங்க, மஞ்சத் தண்ணிக்கு அழைப்பாங்க. ராட்டினம் ஏறப் பூவாடை அழைச்சவ ஒலகத்துலயே நீ ஒருத்திதான்டி."

"அவளுக்கு அதான் அண்ணி கல்யாணம்," என்றாள் அமிர்தம். தைலம்மாள் முந்தானையால் மூக்கைச் சிந்திக்கொண்டு பம்பைக்காரருக்குச் சொல்லிவிடப் போனாள்.

சித்திரை கடைசி வெள்ளிக்கிழமை, பொழுது சாயும்போது பம்புசெட் கிணற்றடியில் கூடினார்கள். மேற்கே கல்வராயன் மலையில் எங்கோ மழை பெய்துகொண்டிருந்தது. முறத்தில் கத்தரிப்பூ நிறத்தில் ஒரு பாவாடை, வளையல், ரிப்பன், அவளுக்குப் பிடித்த வேர்க்கடலை உருண்டை. பாவாடையின் நீளத்தைக் கடைக்காரன் கேட்டபோது, வேண்டாம் என்றிருந்த செல்லமுத்துவே வாயால் சொல்லாமல் கையால் காட்டினான். இறங்குவது தைலம்மாள் மேல்தான் என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள். எந்த வீட்டுப் பூவாடையும் அந்த ஊரில் அவள் மேல்தான் வரும். அவளும் கொண்டையை அவிழ்த்துவிட்டுக் கொட்டாவி விட்டபடி தயாராக உட்கார்ந்திருந்தாள். பம்பை ஏறியது. செல்லமுத்து எல்லோருக்கும் பின்னால் பூவரச மரத்தில் சாய்ந்து நின்றான். முகம் வெளிறியிருந்தது.

அமிர்தத்துக்கு அதற்கப்புறம் நடந்தது பாதிதான் நினைவிருக்கிறது. வாயெல்லாம் புளித்தது. பழைய சோற்றுத் தண்ணீரின் புளிப்பு. யாரோ பக்கத்தில் சின்னதாக விக்கினார்கள். விக்கினது தான்தான் என்பது, எதிரில் தைலம்மாள் திடுக்கிட்டுக் கற்பூரத் தட்டை அமிர்தத்தின் பக்கம் திருப்பியபோதுதான் அவளுக்குத் தெரிந்தது.

"யாரு வந்திருக்கறது? சொல்லு தாயி."

"நான்தான் அத்த."

"இன்னா வேணும் என் கண்ணுக்கு?"

"டூருக்கு நானும் வரேன்."

"வா தாயி. உனக்கு இல்லாததா? வண்டியில எடம் போட்டு வைக்கிறோம். வூட்டாண்டயே ஏறிக்க."

"வூட்டுல நான் இல்ல அத்த."

பம்பைக்காரர் அடிப்பதை நிறுத்திவிட்டார்.

"மரத்தாண்டதான் கீறேன். அங்க நிறுத்தச் சொல்லு. அங்கதான் ஏறுவேன்."

"எந்த மரம் தாயி? அங்க நெறைய மரம் வெட்டிப் போட்டாங்களே. எதுன்னு நாங்க கண்டுபிடிக்கறது?"

"அப்பாதான் நிறுத்தணும்," என்றது அமிர்தத்தின் வாய். அதோடு அவள் முறத்தின்மேல் சாய்ந்துவிட்டாள்.

ரிஷிவந்தியம் அன்றைக்கே அடிபட்டுப் போயிற்று. தேன் அபிஷேகம் போனதில் தைலம்மாளுக்கு வருத்தம் என்றாலும், பூவாடை கேட்ட வழியில்தான் போயாக வேண்டும் என்று அவளே தனசேகரனிடம் அடித்துச் சொன்னாள். அந்த இடத்துக்கே போகாதவன் எப்படி மரத்தைக் காட்டுவான் என்று இரண்டொரு பேர் முணுமுணுத்தார்கள். பெத்தவனுக்குத் தெரியாதா, மச்சான்காரன் சொல்லியிருப்பான் என்று ஊரே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டது.

தான் நடித்தோமா என்று அமிர்தம் தன்னையே பலமுறை கேட்டுப் பார்த்தாள். மரத்தாண்ட நிறுத்து என்று சொல்ல வேண்டும் என்ற நினைப்பு அவள் மனசில் முன்பே இருந்ததா, பிள்ளை வந்து வைத்ததா? தெரியவில்லை. பேசினது பிள்ளைதான் என்றால், அது இன்னும் அந்த ரோட்டோரத்திலேயே மழையிலும் வெயிலிலும் நிற்கிறது என்று ஆகிறது. பேசினது தான்தான் என்றால், பிள்ளை எங்கேயும் இல்லை என்று ஆகிறது. எது தேவலை என்று அவளால் சொல்ல முடியவில்லை. நாலைந்து நாள் கழித்துச் செல்லமுத்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டே, முகத்தைத் திருப்பாமல் கேட்டான்.

"நீதான் பேசுனியா?"

"தெரியலீங்க," என்றாள். அது சத்தியம். அவன் தலையை ஆட்டிக்கொண்டான்.

வைகாசி பிறப்பதற்குள் கமலா அந்த இரண்டு விரலையும் வளர்ந்துவிட்டாள். புறப்படுகிற நாள் கருக்கலில் வேன் வாசலில் வந்து நின்றபோது ஊரே புளிசோற்று வாசனையாக இருந்தது. வேப்பிலை இல்லாமல் வண்டி எடுக்கமாட்டேன் என்று கடைசியில் தனசேகரனே ஒரு கொத்தை ஒடித்துவந்து முன்னால் செருகினான். அமிர்தத்துக்கும் கமலாவுக்கும் கதவை ஒட்டின சீட்டு. ஜன்னலோரத்தை விட்டுவிட்டு அங்கே கத்தரிப்பூப் பாவாடையை மடித்து வைத்திருந்தார்கள். இடம் நெருக்கடிதான், ஆனாலும் யாரும் அதன்மேல் பை வைக்கக்கூட இல்லை. செல்லமுத்து பின்வரிசையில் போய் உட்கார்ந்தான்.

கள்ளக்குறிச்சி தாண்டும்வரை பாட்டும் கும்மாளமும். தியாகதுருகத்து மலையைக் காட்டி, ராட்டினம் இதைவிட உயரமா என்று பிள்ளைகள் கேட்டார்கள். உளுந்தூர்பேட்டை தாண்டிப் பெரிய ரோட்டில் ஏறியதும் ஒவ்வொருவராகப் பேச்சை நிறுத்தினார்கள். முன்பெல்லாம் அந்த ரோட்டில் நண்பகலிலும் நிழல் விழும். இப்போது வெயில் தாரில் நேராக அடித்தது. இரண்டு பக்கமும் அடிக்கட்டைகள். சிலவற்றைப் பெயர்த்து விறகுக்கு எடுத்துப் போயிருந்தார்கள், சிலவற்றில் மண் ஏறியிருந்தது. தனசேகரன் வண்டியை மெதுவாக ஓட்டினான்.

"எதுண்ணே?" என்று கண்ணாடியில் பார்த்துக் கேட்டான்.

ஒரு கட்டை போயிற்று. இன்னொன்று. திருநாவலூர்க் கைகாட்டி வந்தது, போயிற்று. அமிர்தத்துக்கு அந்த இடம் கைரேகை. தூரத்திலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. பள்ளம், பள்ளத்துக்கு அப்பால் தம்பி ஓடின வயல், மேட்டின் மேல் மற்றவற்றைவிட அகலமான அந்தக் கட்டை. நாக்கைப் பல்லுக்கடியில் வைத்துக்கொண்டாள். இரத்தம் கரித்தது. சொல்லமாட்டேன். செத்தாலும் நான் சொல்லமாட்டேன். கட்டை ஜன்னலுக்கு நேராக வந்தது, பின்னால் நகர்ந்தது, போய்விட்டது. தைலம்மாள் இவள் முழங்காலைத் தொட்டாள். முடிந்தது என்று அமிர்தம் நினைத்தாள். திரும்பி வரும்போது இறங்க வேண்டியதுதான். கமலாவின் மாற்றுத்துணி எந்தப் பையில் இருக்கிறது என்றுகூட மனசு தேட ஆரம்பித்துவிட்டது.

"நிறுத்துப்பா."

குரல் செல்லமுத்துவுடையதாகவே இல்லை. வேன் குலுங்கி நின்றது. அவன் எல்லோர் காலையும் மிதித்துக்கொண்டு இறங்கி வந்த வழியே நடந்தான். முதலில் இருந்த கட்டையைத் தாண்டினான். அடுத்ததையும் தாண்டினான். அமிர்தம் பின்னாலேயே இறங்கிப் போனாள். வேறு யாரும் இறங்கவில்லை.

அவன் அந்த அகலமான கட்டையின் முன்னால் நின்றான். பாதி வட்டம் ரம்பத்தில் வழுவழுவென்று அறுபட்டிருந்தது, மீதிப் பாதி கோடாலியால் கொத்தியிருந்தது. நடுவில் துருப்பிடித்த தகர ஆணி ஒன்று. ரம்பம் இதில் மாட்டித்தான் கோடாலியை எடுத்திருக்கிறார்கள். கட்டையின் ஓரத்திலிருந்து சிவந்த கொழுந்தோடு ஒரு கிளை தளிர்த்து நேராக மேலே ஏறியிருந்தது. செல்லமுத்து அதைப் பார்க்கவில்லை. குனிந்து எதையோ தேடிக்கொண்டிருந்தான். கட்டையைச் சுற்றினான், பள்ளத்து முள்ளை வெறுங்கையால் விலக்கினான், கையில் கீறி இரத்தம் வந்தது. அவன் என்ன தேடுகிறான் என்பது அமிர்தத்துக்குத் தெரிந்துவிட்டது. ஒன்றரை வருஷம் கேட்கக் காத்திருந்த வார்த்தை இப்போது வரப்போகிறது, வராமலே இருந்திருக்கலாம் என்று இருந்தது.

அவன் நிமிர்ந்தான். குழந்தையைப்போல் அவள் முகத்தைப் பார்த்தான்.

"தூக்கு இல்ல அமிர்தம்," என்றான். "இங்கதான் மாட்டுனேன். யாருனா எடுத்துக்கினு போயிட்டாங்க போல."

லாரி ஒன்று காற்றை அடித்துக்கொண்டு போயிற்று. அமிர்தம் அது போகும்வரை காத்திருந்தாள்.

"நம்ம வூட்டு தூக்குன்னு அவதான் மொதல்ல பாத்தா," என்றாள். "அதுல இருந்துதான் குடிச்சா. கடேசியா."

செல்லமுத்து கட்டையின்மேல் உட்கார்ந்துவிட்டான். அழவில்லை. வாய் மட்டும் திறந்து திறந்து மூடியது. அவள் அவனைத் தொடவுமில்லை, விட்டுவிட்டுப் போகவுமில்லை. வேனிலிருந்து ஒருமுறை ஹாரன் கேட்டது, தைலம்மாள் தனசேகரனைத் திட்டுவதும் கேட்டது. பிறகு அவன் எழுந்தான். அந்தத் தளிர்க்கிளையைப் பார்த்தான். உள்ளங்கையை விரித்து அதன் நுனிமேல் வைத்தான். கை ஒருமுறைகூடத் தயங்காமல் சரியாகப் போய் உட்கார்ந்தது.

இருவரும் நடந்து வந்தார்கள். அமிர்தம் முதலில் ஏறி, தன் சீட்டில் முழங்காலை ஒதுக்கி வழிவிட்டு உட்கார்ந்தாள். மடியிலிருந்த பையைக் கமலா கீழே இறக்கி வைத்தாள். செல்லமுத்து ஏறவில்லை. படியின் ஓரத்தில் ஒதுங்கி நின்று, குனிந்து, இரண்டு கையையும் நீட்டி, ஒரு பிள்ளையின் அக்குளுக்கு அடியில் கொடுத்துத் தூக்குவதுபோல் தூக்கினான். கனத்தில் அவன் தோள் நடுங்கியது. ஜன்னல் காற்றில் கத்தரிப்பூப் பாவாடை மடிப்பு விரிந்து படபடத்தது.

"ஏறியாச்சாண்ணே?" என்று தனசேகரன் திரும்பாமலேயே கேட்டான்.

செல்லமுத்து கைகளை இறக்கவில்லை. தூக்கியது தூக்கியபடி, அந்த உயரத்திலேயே வைத்துக்கொண்டு, வெயிலில் நின்றான்.